காமா கதிர் வானியலில் "5 சிக்மா": அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காமா கதிர் பற்றி ஒரு செய்தி வந்தால் கூடவே "இத்தனை சிக்மா" என்று ஓர் எண்ணும் வந்துவிடுகிறது. பின்னணியைவிடக் கூடுதலாக வந்த எண்ணிக்கை, அதாவது உபரி, தற்செயலான ஏற்ற இறக்கத்தைப் போல எத்தனை மடங்கு என்ற அளவுதான் சிக்மா. அந்த எண் எங்கிருந்து வருகிறது, அதை எப்போது நம்பலாம், எப்போது கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கணக்கு வரும். பிளஸ் டூவில் படித்த மடக்கையும் வர்க்கமூலமும் நினைவிருந்தால் போதும்.

காமா கதிர் வரும் ஒரு மூலத்தைப் பார்த்தோம் என்று சொல்ல எதற்குப் புள்ளியியல்? தொலைநோக்கியில் தெரியாதா?

தெரியாது. சாதாரண நட்சத்திர ஒளி மழை மாதிரி கொட்டுகிறது, காமா கதிர் அப்படியல்ல, ஒவ்வொரு ஃபோட்டானாக வருகிறது. வானத்தில் நிலையாக ஒளிரும் காமா மூலங்களில் மிகப் பிரகாசமானவற்றில் ஒன்று நண்டு நெபுலா. அதிலிருந்தே 1 டெரா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட ஃபோட்டான்கள் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் வருகின்றன. அதனால் அந்த ஆற்றலில் செயற்கைக்கோளை நம்ப முடியாது, வளிமண்டலத்தையே கருவியாக்கிக்கொள்கிறோம். ஃபோட்டான் மேலே காற்றில் மோதித் துகள்மழையாகப் பொழியும்போது ஒரு விநாடியில் பல கோடியில் ஒரு பங்கு நேரத்துக்கு நீல நிறச் செரன்கோவ் ஒளி வரும், அந்த ஒளி தரையில் லட்சம் சதுர மீட்டர் அளவுக்குப் பரவும், அதற்குள் எங்கே ஒரு தொலைநோக்கி நின்றாலும் பிடித்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், காஸ்மிக் கதிர்களும் (விண்வெளியிலிருந்து வரும் மின்னூட்டமுள்ள துகள்கள்) இதே மாதிரி ஒளி தருகின்றன. ஒரு காமா மழைக்கு நூற்றுக்கணக்கில், சில நேரம் ஆயிரக்கணக்கில், காஸ்மிக் கதிர் மழைகள் பதிவாகின்றன. படத்தின் வடிவத்தைப் பார்த்துப் பெரும்பாலானவற்றைக் கழித்துவிடலாம், எல்லாவற்றையும் முடியாது. மீதியில் எது காமா, எது காஸ்மிக் கதிர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லவும் முடியாது. கூட்டமாக எண்ணித்தான் சொல்ல முடியும், அங்கேதான் புள்ளியியல் வருகிறது.

ஆன், ஆஃப் என்கிறார்களே, அது என்ன?

மூலம் இருக்கலாம் என்று நினைக்கும் இடத்தில் எண்ணுவது ஆன். மூலம் இல்லாத, ஆனால் மற்ற எல்லா வகையிலும் அதே மாதிரியான இடத்தில் எண்ணுவது ஆஃப். அதே உயரக் கோணம், அதே வானிலை, கேமராவின் மையத்திலிருந்து அதே தூரம், இவையெல்லாம் ஒத்துப்போக வேண்டும். முன்பு அரை மணி நேரம் ஆன், அரை மணி நேரம் ஆஃப் என்று மாறி மாறிப் பார்த்தார்கள். இப்போது தொலைநோக்கியை மூலத்திலிருந்து சற்றுத் தள்ளிக் குறிவைத்து, ஒரே பார்வைப் புலத்துக்குள் ஆன் ஒன்றும் ஆஃப் பலவுமாக எடுத்துக்கொள்கிறார்கள். நேரமும் வீணாவதில்லை, வானிலை மாறினாலும் இரண்டுக்கும் சேர்ந்தே மாறுகிறது.

ஆஃப் பகுதி ஐந்து மடங்கு பெரியது என்றால் அதில் எண்ணியதை 0.2ஆல் பெருக்கினால் ஆனில் எதிர்பார்க்க வேண்டிய பின்னணி கிடைக்கும். இந்த 0.2க்குத்தான் ஆல்பா என்று பெயர். இதைச் சின்ன எண் என்று நினைத்துவிடாதீர்கள், பிறகு வருகிறேன்.

உபரியைப் பின்னணியின் வர்க்கமூலத்தால் வகுத்தால் சிக்மா வந்துவிடுமே?

எல்லோரும் முதலில் செய்வது அதுதான். ஓர் எடுத்துக்காட்டு: ஆனில் 130, ஆஃபில் 500, ஆல்பா 0.2. பின்னணி 100, உபரி 30. நூறின் வர்க்கமூலம் 10, முப்பதைப் பத்தால் வகுத்தால் 3 சிக்மா. அழகாக இருக்கிறது, ஆனால் தப்பு. அந்த 100 என்பது கடவுள் சொன்ன எண் இல்லை, 500ஐ எண்ணி நாம் மதிப்பிட்டது, அந்த 500க்கும் ஏற்ற இறக்கம் உண்டு. அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டதால் சிக்மா வீங்கிவிட்டது.

சரி, இரண்டு பிழைகளையும் சேர்த்துவிடலாம் என்று 130ஐயும் 0.2இன் வர்க்கம் பெருக்கல் 500, அதாவது 20ஐயும் கூட்டி, 150இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 2.45 வருகிறது. இதுவும் சரியில்லை, இந்தத் தடவை குறைந்துவிட்டது. காரணம் நுட்பமானது. நாம் கேட்கும் கேள்வி "மூலமே இல்லையென்றால் இப்படி ஓர் உபரி வர எவ்வளவு வாய்ப்பு?" என்பது. அப்படியானால் ஏற்ற இறக்கத்தையும் மூலமே இல்லை என்று வைத்துக்கொண்டுதான் கணக்கிட வேண்டும். ஆனிலுள்ள 130ஐ அப்படியே பிழைக்குள் போடும்போது மூலம் இருக்கிறது என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுகிறது.

அப்படியானால் சரியான சூத்திரம் எது?

1983இல் பெய்ஜிங்கைச் சேர்ந்த லி திபெய், மா யூச்சியென் இருவரும் இந்தக் குழப்பத்தை ஒரே கட்டுரையில் தீர்த்துவைத்தார்கள். அதன் 17ஆவது சமன்பாட்டைத்தான் இன்றும் உலகத்தில் ஏறக்குறைய எல்லாக் காமா கதிர்க் குழுவும் பயன்படுத்துகிறது. "லி-மா சிக்மா" என்று சொன்னால் துறையில் எல்லோருக்கும் புரியும்.

பார்க்கப் பயமுறுத்தும் சூத்திரம், ஆனால் உள்ளே இருக்கும் யோசனை எளிது. மூலமே இல்லையென்றால் ஆனும் ஆஃபும் ஒரே பின்னணிதான். மொத்தம் 630ஐ ஒன்றுக்கு ஐந்து என்று பங்குபோட்டால் ஆனுக்கு 105, ஆஃபுக்கு 525 வந்திருக்க வேண்டும். வந்ததோ 130, 500. இப்போது 130ஐ 105ஆல் வகுத்து இயல் மடக்கை எடுத்து 130ஆல் பெருக்குங்கள்: 27.76. அடுத்து 500ஐ 525ஆல் வகுத்து மடக்கை எடுத்து 500ஆல் பெருக்குங்கள்: கழித்தல் 24.40. கூட்டினால் 3.37, இரட்டித்தால் 6.74, வர்க்கமூலம் 2.6. அவ்வளவுதான். மூலம் உண்டு, மூலம் இல்லை என்ற இரண்டு கருதுகோள்களில் தரவுக்கு எது எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்ற விகிதத்தைத்தான் இந்த மடக்கைகள் அளக்கின்றன.

அதே 30 உபரியை ஆஃப் ஒரு மடங்கு மட்டும் வைத்துக்கொண்டு பார்த்திருந்தால், அதாவது 130க்கு எதிரே 100 என்றால், இதே சூத்திரம் 2.0 தான் தரும். ஆஃப் பகுதியைப் பெரிதாக எடுப்பதால் கிடைக்கும் லாபம் இதுதான். ஐந்து பத்து மடங்குக்கு மேல் போனால் பெரிய பலன் இருக்காது, ஆனிலுள்ள ஏற்ற இறக்கமே ஆதிக்கம் செலுத்த ஆரம்பித்துவிடும்.

5 சிக்மா என்றால் 99.9999 சதவீதம் மூலம் இருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பின்னணி மட்டுமே இருந்தால் இவ்வளவு அல்லது இதற்கு மேல் உபரி வர 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பு, இதுதான் 5 சிக்மா சொல்வது. 3 சிக்மாவுக்கு 740இல் ஒன்று. மூலம் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பது வேறு கேள்வி, அதற்கு அந்த இடத்தில் மூலம் இருக்கக்கூடும் என்று முன்பே எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்பதும் வேண்டும். ஏற்கெனவே எக்ஸ் கதிரிலும் ரேடியோவிலும் பளிச்சிடும் ஒரு விண்மீன் மண்டலத்தில் 4 சிக்மா வந்தால் நான் நம்பத் தயார். வெறும் வானத்தில் ஏதோ ஒரு புள்ளியில் அதே 4 சிக்மா வந்தால் நம்ப மாட்டேன்.

சிக்மா பெரிதாக இருந்தால் மூலம் பிரகாசமானது என்றும் அர்த்தமில்லை. மங்கலான மூலத்தையும் நீண்ட நேரம் பார்த்தால் சிக்மா ஏறும், நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப. நான்கு மடங்கு நேரம் பார்த்தால் இரண்டு மடங்கு சிக்மா.

ஏன் 5? 3 போதாதா?

போதாது என்று இந்தத் துறை பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 1970களிலும் 80களிலும் பல்சர்கள் (சுழன்றுகொண்டே துடிக்கும் நியூட்ரான் விண்மீன்கள்), எக்ஸ் கதிர் இரட்டை விண்மீன்கள் என்று 3, 4 சிக்மாவில் நிறைய அறிவிப்புகள் வந்தன. பெயர்போனது சிக்னஸ் எக்ஸ்-3 என்ற இரட்டை விண்மீன். 1983இல் ஜெர்மனியின் கீல் நகரக் குழு, 4.8 மணி நேரச் சுழற்சியோடு 4 சிக்மாவைத் தாண்டிய உபரி கண்டதாக வெளியிட்டது. அதன் பிறகு பல நாடுகளில் பல குழுக்கள் தாங்களும் கண்டதாகச் சொன்னார்கள். அதைச் சரிபார்க்கவே பெரிய கருவிகள் கட்டப்பட்டன. அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் அமைந்த காசா-மியா கருவித்தொகுதி 1990களில் பல மடங்கு கூடுதல் நுண்மையோடு பார்த்தது, கீல் சொன்ன அந்த உபரி தெரியவில்லை. (2009இல் ஃபெர்மி, அகிலே என்ற செயற்கைக்கோள்கள் அதே சிக்னஸ் எக்ஸ்-3இலிருந்து மிகக் குறைந்த ஆற்றலில் காமா கதிர்களைக் கண்டன. ஆனாலும் 1983இன் அறிவிப்பு அதனால் சரியாகிவிடாது.)

எதிர்ப்பக்கம் நண்டு நெபுலா. அரிசோனாவின் ஹாப்கின்ஸ் மலையில் 1968இல் கட்டிய 10 மீட்டர் விப்பிள் தொலைநோக்கி இருபது வருடம் உறுதியான ஒரு மூலமும் இல்லாமல் போராடியது. 1985இல் மைக்கேல் ஹில்லாஸ், காமா மழையின் படமும் காஸ்மிக் கதிர் மழையின் படமும் வடிவத்தில் எப்படி வேறுபடும் என்று கணித்துக் காட்டினார். 37 ஒளியுணர் குழாய்கள் மட்டுமே கொண்ட ஒரு கேமராவோடு ட்ரெவர் வீக்ஸ் குழு அதைப் பயன்படுத்தி 1989இல் நண்டு நெபுலாவை 9 சிக்மாவில் அறிவித்தது. அப்புறம் உலகமெங்கும் யார் பார்த்தாலும் அது அங்கேயே இருந்தது. நமீபியாவிலுள்ள ஹெஸ் தொலைநோக்கிகளுக்கு அதே மூலம் 5 சிக்மாவில் தெரிய அரை நிமிடம் போதும். கண்டுபிடிப்பு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், கருவி மேம்பட மேம்படச் சிக்மா ஏற வேண்டும்.

"முயற்சி எண்ணிக்கை" என்கிறார்கள், அதை ஏன் கழிக்க வேண்டும்?

ஏனென்றால் நிறைய இடத்தில் தேடினால் எங்காவது ஒன்று தற்செயலாகத் துள்ளத்தான் செய்யும். 50 மூலங்கள், ஒவ்வொன்றுக்கும் 4 ஆற்றல் வரம்புகள், 5 கால இடைவெளிகள் என்று பார்த்தால் 1000 முயற்சி. அதில் ஒன்றில் 4 சிக்மா வந்தது என்று வையுங்கள். தனியாகப் பார்த்தால் ஏறக்குறைய 31,500இல் ஒரு வாய்ப்பு. ஆயிரம் தடவை சீட்டு எடுத்தவருக்கு அது 3 சதவீதம், அதாவது 1.9 சிக்மாவுக்குக் கீழே. 5 சிக்மா என்றாலும் 3.4க்கு இறங்கிவிடும்.

கடினமான விஷயம், முயற்சிகளை நேர்மையாக எண்ணுவது. வெளியிட்ட முயற்சிகள் மட்டுமல்ல, "இந்த வெட்டு எல்லை (எந்த நிகழ்வை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்ற வரம்பு) சரியாக வரவில்லை, கொஞ்சம் மாற்றிப் பார்ப்போம்" என்று இரவு பதினொரு மணிக்குச் செய்ததும் முயற்சிதான். பல்சர் தேடலில் சுழற்சிக் காலத்தைச் சற்றே மாற்றிப் பார்ப்பது ஒவ்வொன்றும் முயற்சிதான். ஒன்றோடொன்று தொடர்புள்ள முயற்சிகளை அப்படியே பெருக்கினால் அதிகமாகத் தண்டித்துவிடுவோம், அப்போது கணினியில் போலித் தரவு ஆயிரக்கணக்கில் உருவாக்கி அதே தேடலை ஓட்டிப் பார்ப்பதுதான் சரியான வழி. என் கருத்து வெளிப்படையானது: வெட்டு எல்லைகளைத் தரவைத் திறக்கும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும், அல்லது தரவில் ஒரு பாதியில் தேடி மறுபாதியில் சரிபார்க்க வேண்டும். மூன்றாவது வழி எதையும் நான் நம்புவதில்லை.

இதற்கு உண்மையான எடுத்துக்காட்டு?

இரண்டு சொல்கிறேன், ஒன்று காணாமல் போனது, ஒன்று நின்றது.

2012இல் கிறிஸ்டோஃப் வெனிகர், ஃபெர்மி செயற்கைக்கோளின் பொதுத் தரவில், பால்வீதி மையத்தின் பக்கம் 130 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் அருகே ஒரு கூர்மையான கோடு தெரிவதாகக் காட்டினார். கரும்பொருள் (ஒளிராத, ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் பொருள்) துகள்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டால் இப்படி ஒரு கோடு வரலாம் என்பதால் பெரிய பரபரப்பு. 50 ஃபோட்டான் அளவுதான், 4.6 சிக்மா. எல்லா ஆற்றல்களிலும் பல பகுதிகளிலும் தேடியதைக் கணக்கில் எடுத்தால் 3.2 என்று அவரே கட்டுரையிலேயே சொல்லியிருந்தார், அதற்காக அவரை மதிக்கிறேன். 2013இல் ஃபெர்மி குழு மறுஅளவீடு செய்த தரவில் 3.3 சிக்மா, முயற்சிகளைக் கழித்தால் 1.6. பூமியின் விளிம்பிலிருந்து வரும் காமா கதிரிலும் அதே ஆற்றலில் ஒரு சின்ன மேடு தெரிந்தது, அங்கே கரும்பொருளுக்கு வேலையே இல்லை. 2015இல் இன்னும் அதிகத் தரவோடு பார்த்தபோது 0.7 சிக்மா. உண்மையான கோடாக இருந்திருந்தால் ஏறியிருக்க வேண்டும், இது இறங்கியது.

இரண்டாவது, 2017 செப்டம்பர் 22. தென் துருவப் பனிக்குள் புதைத்த ஐஸ்கியூப் கருவி, எதையும் எளிதில் ஊடுருவிப் போகும் நியூட்ரினோ என்ற துகளில் அதி ஆற்றல் கொண்ட ஒன்றைப் பிடித்தது, அது வந்த திசையில் டிஎக்ஸ்எஸ் 0506+056 என்ற பிளேசார் (நம்மை நோக்கித் தாரை வீசும் கருந்துளை கொண்ட விண்மீன் மண்டலம்) அந்த நேரத்தில் காமா கதிரில் கொதித்துக்கொண்டிருந்தது. தற்செயலாக இப்படிப் பொருந்தும் வாய்ப்பு 4.1 சிக்மா. ஆனால் ஐஸ்கியூப் அதற்கு முன் 10 எச்சரிக்கைகள் அனுப்பியிருந்தது, அதற்கும் முந்தைய 41 நிகழ்வுகளும் அதே தகுதி உள்ளவை, ஆக 51 முயற்சி. அதைக் கழித்ததும் 3.0. அந்தப் பிளேசாரிலிருந்து 100 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் காமா கதிர் வருகிறது என்பதை லா பால்மா தீவின் மேஜிக் தொலைநோக்கிகள் 6.2 சிக்மாவில் கண்டன, அதில் சந்தேகமே இல்லை. நியூட்ரினோவும் அங்கிருந்துதான் வந்தது என்பதற்குத்தான் 3. இரண்டு எண்களும் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள், செய்திகளில் இவை குழம்பிப்போனதைப் பார்த்து வருத்தமாக இருந்தது.

ஃபெர்மி கட்டுரைகளில் சிக்மாவுக்குப் பதில் "டிஎஸ்" என்று இருக்கிறதே?

அங்கே ஆன், ஆஃப் என்று வெட்டிப் பார்க்க முடியாது, மூலங்கள் ஒன்றின்மேல் ஒன்று கசிந்திருக்கும், பால்வீதியே ஒளிரும். அதனால் வானத்தின் ஒரு பகுதி முழுவதற்கும் ஒரு மாதிரி எழுதி, குறிப்பிட்ட மூலத்தைச் சேர்த்தும் சேர்க்காமலும் பொருத்திப் பார்க்கிறார்கள். இரண்டின் பொருத்த விகித மடக்கையை இரட்டித்தால் டிஎஸ் (test statistic, சோதனை எண்). லி-மாவில் வர்க்கமூலம் எடுப்பதற்கு முன் வந்த 6.74 இருக்கிறதே, அதன் பெரிய அண்ணன் இது. மூலத்தின் பிரகாசம் மட்டும்தான் தெரியாது என்றால் டிஎஸ்ஸின் வர்க்கமூலமே ஏறக்குறைய சிக்மா. ஆனால் ஃபெர்மி பட்டியலில் சேர டிஎஸ் 25 வேண்டும் என்பதைப் பார்த்து "5 சிக்மா" என்று சொல்லிவிடாதீர்கள். அங்கே இடத்துக்கு இரண்டு, நிறமாலைக்கு இரண்டு என நான்கு அளவுருக்களைத் தரவே தேர்ந்தெடுக்கிறது, அதனால் 4 சிக்மாவுக்குச் சற்று மேல்தான்.

எண்ணிக்கையே ஐந்தாறுதான் என்றால்?

லி-மா சூத்திரத்தை நம்ப ஆனிலும் ஆஃபிலும் குறைந்தது பத்தாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே நேரடியாகப் பாய்சான் (தற்செயலாக வரும் எண்ணிக்கைகளுக்கான பரவல்) அல்லது ஈருறுப்பு நிகழ்தகவைக் கூட்டிப் பார்த்துவிடுங்கள், கணினிக்கு அது ஒரு வேலையே இல்லை.

எதுவும் தெரியவில்லை என்றால் அந்தக் கவனிப்பு வீணா?

நிச்சயமாக இல்லை. பின்னணியே இல்லாத இடத்தில் ஒன்றும் வரவில்லை என்றால்கூட, 95 சதவீத உறுதியோடு சராசரி 3க்கு மேல் இல்லை என்று சொல்லலாம். மேஜிக் குழு செக்யூ 1 என்ற குட்டி விண்மீன் மண்டலத்தை 158 மணி நேரம் பார்த்து ஒன்றும் காணவில்லை, ஆனால் கரும்பொருள் பற்றிய பல யோசனைகளுக்கு அந்தக் கவனிப்பு எல்லை வகுத்தது.

5 சிக்மா வரும் வரை பார்த்துக்கொண்டே இருக்கலாமா?

கூடாது. தினமும் சிக்மாவைப் பார்த்து, வரம்பைத் தொட்டதும் நிறுத்தினால், ஒவ்வொரு நாளும் ஒரு முயற்சி. பின்னணி மட்டுமே இருந்தாலும் போதுமான காலம் காத்திருந்தால் எந்த வரம்பையும் என்றாவது ஒருநாள் தொட்டுவிடும். எத்தனை மணி நேரம் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

நம் நாட்டில் இதெல்லாம் நடக்கிறதா?

நடக்கிறது. லடாக்கின் ஹான்லேயில், கடல் மட்டத்திலிருந்து 4 கிலோமீட்டருக்கு மேல், 21 மீட்டர் விட்டமுள்ள மேஸ் தொலைநோக்கி 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது. ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 துகள்மழைக் கருவித்தொகுதி இருக்கிறது, அதன் 560 சதுர மீட்டர் மியூயான் கருவி, மியூயான் (காஸ்மிக் கதிர் மழையில் நிறைய வரும் ஒரு துகள்) குறைந்த மழைகளைக் காமா எனப் பிரித்தெடுக்க உதவுகிறது. கருவி வேறு, ஆனால் மூலம் தேடும்போது உபரியையும் பின்னணியையும் ஒப்பிடும் அதே கேள்விதான் அங்கேயும்.

எல்லாம் சரியாகச் செய்தும் சிக்மா பொய் சொல்லுமா?

சொல்லும், பெரும்பாலும் ஆல்பா வழியாக. சூத்திரம் ஆல்பாவைத் துல்லியமாகத் தெரிந்தது என்று வைத்துக்கொள்கிறது. உண்மையிலோ கேமராவின் ஓரத்தில் உணர்திறன் குறைகிறது, ஒரு நட்சத்திரம் குறுக்கே வந்து சில குழாய்களை அணைக்க வேண்டியிருக்கிறது, வானம் ஒரு பக்கம் சற்று வெளிச்சமாக இருக்கிறது. மேஜிக் குழு தன் உணர்திறனைச் சொல்லும்போது 5 சிக்மா மட்டும் போதாது, உபரி குறைந்தது 10 நிகழ்வுகளும் பின்னணியில் 5 சதவீதமும் இருக்க வேண்டும் என்று வைத்திருப்பது இதற்காகத்தான். மூலமில்லாத இடங்களிலெல்லாம் சிக்மா கணக்கிட்டு வரைந்து பார்ப்பதும் அவசியம். சராசரி 0, அகலம் 1 உள்ள மணி வடிவம் வர வேண்டும். அகலம் 1.2 வந்தால் உங்கள் 5 உண்மையில் 4.2 தான்.

கணினியில் நீங்களே செய்து பாருங்கள். ஆனுக்குச் சராசரி 100, ஆஃபுக்கு 500 வைத்துப் பாய்சான் எண்களைப் பத்தாயிரம் தடவை எடுத்து, ஆல்பா 0.2 என்று லி-மா கணக்கிடுங்கள், உபரி குறைவாக வந்தால் கழித்தல் குறி போடுங்கள். 3 சிக்மாவைத் தாண்டுவது 13 தடவை அளவில் இருக்கும், அதாவது சரியாக எதிர்பார்த்தபடி. இப்போது ஆனின் சராசரியை வெறும் 2 சதவீதம் கூட்டி 102 ஆக்குங்கள், ஆல்பாவில் அந்த அளவு பிழை இருப்பது போல. பெரிய வித்தியாசம் தெரியாது. அப்புறம் நூறு மடங்கு தரவு சேர்ந்துவிட்டதாக வைத்து 10,200, 50,000 என்று ஓட்டுங்கள். வானத்தில் ஒன்றுமே இல்லை, பிழை அதே 2 சதவீதம்தான், ஆனால் 3 சிக்மாவைத் தாண்டுவது இப்போது ஏறக்குறைய 1,200 தடவை.